ஓட்டமாவடிப் பாலத்தில் யார் முந்துவது?

மாகோச் சந்தியிற் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைப் பாதைக்கு விடைகொடுத்து, பொலனறுவைச் சமவெளியைக் கடந்து, மனம்பிட்டியில் மகாவலியைத் தாண்டி, வெலிக்கந்தை, புணானைக் காடுகளினூடே கிழக்கு நோக்கி வரும் இருப்புப்பாதை, கடற்காற்று முதன்முதலாக முகத்தில் படும் இடத்தில் ஓர் ஊரைத் தொடுகிறது. அதுவே வாழைச்சேனை. அதனை அடுத்துக் கல்குடா, அதற்கப்பால் ஏறாவூர், பின்னர் மட்டக்களப்பு. அங்கே தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் போகவேண்டியவன் இறங்கி பஸ் ஏறவேண்டியதுதான். 1920களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரன் போட்ட பாதை எங்கே நின்றதோ அங்கேயே இன்றும் நிற்கிறது. சுதந்திர இலங்கை தெற்கே அதனை ஓர் அடிகூட நீட்டவில்லை. அந்தக் குறையை வேறொரு நாள் எழுதுவோம். இல்லாத பாதைக்காக அழுவதற்கு முன், இருக்கின்ற பாதையை வைத்து நாம் என்ன செய்தோம் என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது முறையன்றோ?

கொழும்பிலிருந்து வருபவன் வாழைச்சேனைக்குள் நுழையும் வாயில் ஓட்டமாவடிப் பாலம். இன்று வாகனங்களுக்கெனத் தனிப்பாலம் பக்கத்திலே எழுந்துவிட்டது. ஆனால் நாற்பது வயதைக் கடந்த எவரும் பழைய இரும்புப் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். புகையிரதத்துக்கும் அதுவே பாலம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் மாட்டுவண்டிக்கும் அதுவே பாலம். தண்டவாளத்தின் மீதேதான் சில்லும் உருள வேண்டும். புகையிரதம் வரும் நேரம் படலை சாத்தப்படும். மீன்கூடையோடு நிற்பவரும், நெல்மூடை ஏற்றிய வண்டிக்காரரும், சைக்கிளில் புத்தகம் கட்டிய பிள்ளைகளும், அரசாங்க ஜீப்பிலே அமர்ந்த அதிகாரியும் ஒரே வரிசையிற் காத்துநின்றார்கள். புகையிரதம் போனபின்னும் தொல்லை தீராது. இப்புறமிருந்து ஒரு வண்டியும் அப்புறமிருந்து ஒரு வண்டியும் ஒரே வேளையில் ஏறிவிட்டால், நடுப்பாலத்தில் இரண்டும் முகம்பார்த்து நிற்கும். இரண்டில் ஒன்று பின்வாங்கினாலன்றி இரண்டும் போகமுடியாது. அப்போது நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சமல்ல. ஆயினும், அந்தப் பாலத்தில் எந்த வண்டியும் இரவு முழுதும் நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. யாரோ ஒருவர் பின்வாங்கினார். மற்றவர் கைகாட்டிவிட்டுப் போனார்.

இந்த ஊர் எப்படி ஊரானது என்பதை நம்மவரில் பலர் மறந்துவிட்டனர். கோறளைப்பற்றின் வயலும் களப்பும் பழையவை. மாதுறு ஓயா வந்து கலக்கும் அந்தக் களப்பின் கரையிலே மீன்பிடித்தவர்களும் வெள்ளாமை செய்தவர்களும் பல தலைமுறையினர். தமிழரும் முஸ்லிம்களும் அங்கே தாய்வழிக் குடிமுறையையே பேணி வந்தார்கள். இருசாராரும் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மருமகனை வீட்டுக்கு அழைத்தார்கள். ஆனால் வயற்கரைக் கிராமங்களைக் கடைத்தெருவும் கந்தோரும் உள்ள பட்டினமாகத் திரட்டியதிற் புகையிரத நிலையத்துக்கும் கடதாசி ஆலைக்கும் பெரும்பங்கு உண்டு. இரவுத் தபால் வண்டி விடியும்போது கொண்டுவந்த பத்திரிகைக் கட்டை நிலையத்திலேயே பிரித்து, சுடச்சுட வாசித்து, அரசியல் பேசிவிட்டு வயலுக்குப் போன போடியார்களை நாம் சிறுவயதிற் கண்டிருக்கிறோம். கடைக்காரரும் ஆசிரியரும் தந்திக் குமாஸ்தாவும் கூடும் சபாமண்டபம் அந்த மேடைதான். அதற்குக் கட்டணமும் இல்லை, தலைவரும் இல்லை.

கடதாசி ஆலையின் கதை இன்னும் பெரிது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் வித்திடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கியது அது. காங்கேசன்துறைச் சீமெந்தும் பரந்தன் இரசாயனமும் அதன் உடன்பிறப்புகள். வாழைச்சேனையை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? சுற்றிலும் நெல்வயல், வயலிலே வைக்கோல், பக்கத்திலே நீர், வாசலிலே இருப்புப்பாதை. உழவன் கழிவென்று தள்ளியது ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. அறுவடை முடிந்தபின்னும் வயலிலிருந்து கையிற் காசு வந்தது. ஆலை விடுதிகளிலே மட்டக்களப்புத் தமிழனும், ஓட்டமாவடி முஸ்லிமும், யாழ்ப்பாணத்தானும், சிங்களத் தொழிலாளியும் அயலவராக வாழ்ந்தார்கள். சம்பள நாளில் கடைத்தெருவுக்கு வரும் கூட்டம் கோயில் திருவிழாக் கூட்டத்தைப் போன்றது என்று பழைய வியாபாரிகள் இன்றும் சொல்வார்கள்.

பின்னர் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமற் சொல்லவேண்டும். யுத்தம் வந்தது. புகையிரதம் ஓடியும் நின்றும், பின்னர் நெடுங்காலம் நின்றும் போயிற்று. 1985இலேயே தமிழ் முஸ்லிம் கலவரம் கிழக்கைப் பற்றிக்கொண்டது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் தமிழ்த் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். தமிழ்பேசும் மக்கள் என்ற சொல்லை மேடைதோறும் முழங்கிய நாம் அன்று தலைகுனிந்து நின்றிருக்க வேண்டும், பலர் மௌனமாயிருந்தோம். அதே மாதத்தில் வீரமுனையிலே தமிழர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். 2002 ஜூனில், போர்நிறுத்தம் கைச்சாத்தாகி நான்கு மாதங்களே கழிந்திருந்த வேளையில், வாழைச்சேனையே எரிந்தது. ஒரே தெருவில் அருகருகே கடை வைத்திருந்தவர்கள் மறுநாள் ஒருவர் தெருவுக்கு மற்றவர் போக அஞ்சினார்கள்.

இந்தப் பின்னணியிலேதான் இன்றைய எல்லைக்கோடுகளைப் பார்க்கவேண்டும். பழைய கோறளைப்பற்று இன்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்: கோறளைப்பற்று, கோறளைப்பற்று மேற்கு, மத்தி, வடக்கு, தெற்கு. பிரதேச சபைகள் மூன்று. ஓட்டமாவடி எங்கே முடிகிறது, வாழைச்சேனை எங்கே தொடங்குகிறது என்பதை அயலூரான் ஒருவன் வீதியிலே நடந்து கண்டுபிடிக்க முடியாது. பெயர்ப்பலகையை வாசித்துத்தான் அறியவேண்டும். இது வீண்வேலை என்று ஏளனம் செய்வோர் உளர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். உயிருக்கு அஞ்சிய ஒருவன் தன் பிறப்புப் பத்திரத்துக்காக எதிரித் தெருவைக் கடந்து போகமாட்டான். அவனுக்கு அவனுடைய கந்தோர் வேண்டும். அது நியாயம். தனிக் கந்தோர் கேட்டவனை நாம் குறைசொல்வதற்கில்லை. நாம் குறைசொல்வது வேறொன்றை. கந்தோர்களைப் பிரித்தவர்கள், பிரிக்கமுடியாதவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள். வாய்க்கால் ஒன்று. களப்பு ஒன்று. புகையிரத நிலையம் ஒன்று. நெல்லை வாங்கவரும் லொறியும் ஒன்று. இவற்றுக்கு இன்று தாயுமில்லை, தகப்பனுமில்லை.

நம் தொழில் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லலாம். ஒரு சிறுபோகத்தில் இரண்டு கமக்காரர்கள் ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடுக்கவென்று ஒரே நாளில் நம் கந்தோருக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம். இருவர் வயலுக்கும் தண்ணீர் வருவது ஒரே வாய்க்காலால். மேல்வயல் ஒரு பிரிவில், கீழ்வயல் இன்னொரு பிரிவில். மேலே மறித்துவிட்டார்கள் என்பது கீழ்வயற்காரரின் முறைப்பாடு. கீழே வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்யவில்லை என்பது மேல்வயற்காரரின் மறுமொழி. அதிகாரிகளிடம் போனால் ஒரு கந்தோர் மற்றக் கந்தோரைக் காட்டியது. வரைபடம் எடுத்துவர ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஒருமணி நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் தேநீர் வந்தது. பேச்சு கடந்த பெரும்போக விலைக்குத் திரும்பிற்று. இருவரும் ஒரே லொறிக்காரனுக்கு விற்றிருந்தார்கள். இருவரிடமும் ஈரம் என்று சொல்லி மூடைக்கு இரண்டு கிலோ கழித்திருந்தான் அவன். மூத்தவர் சிரித்துவிட்டார். "தம்பி, வாய்க்கால் தண்ணிக்கு நாம ரெண்டுபேரும் லோயருக்குக் காசு கட்ட வந்திருக்கம். ரெண்டு கிலோ கழிச்சவன் பொலனறுவையில நிம்மதியா இரிக்கான்" என்றார். "அது மெய்தான் காக்கா" என்றார் மற்றவர். வழக்கு பதியப்படவில்லை. நமக்குக் கட்டணமும் கிடைக்கவில்லை. தேநீர்ச் செலவும் நம்முடையதாயிற்று.

ஆனால் அந்த மூத்தவர் சொன்னது சட்டப் புத்தகங்களில் இல்லாத ஒரு தீர்ப்பு. நெல் எப்படி விற்கப்படுகிறது என்பதைப் பட்டினத்து வாசகர்கள் அறியமாட்டார்கள். அவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுவோம். முன்னாளில் அரிவாள் கொண்டு அறுத்து, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, காயவிட்டுச் சூடடித்தார்கள். நெல் ஈரம் வற்றியே களத்துக்கு வந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு பகற்பொழுதில் வட்டை முழுவதையும் வெட்டிப் பச்சை நெல்லாகக் கொட்டிவிட்டுப் போகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதம் நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்படாத நெல்லையே கேட்கிறது. அந்த அளவுக்கு உலர்த்தத் தளம் வேண்டும், மழையில்லாத நாள் வேண்டும், பாதுகாக்கக் களஞ்சியம் வேண்டும். மூன்றும் இல்லாதவன் தார்வீதியோரத்தில் நெல்லைப் பரப்புகிறான். வீதியும் இல்லையென்றால் வயல்வரம்பிலேயே லொறிக்குக் கொடுத்துவிடுகிறான். உழவு இயந்திரக் கூலி, உரக்கடன், அடகுவைத்த நகை எல்லாம் அறுவடை நாளுக்குத் தவணை வைத்தே காத்திருக்கின்றன. ஆகவே விலை பேசுபவன் உழவன் அல்லன். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் நெல் குவியும்போது, வாங்குபவன் ஒருவனாகவும் விற்பவர் ஆயிரமாகவும் இருக்கும்போது, விலை என்னவாகும்? 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்த அரசாங்கம், பயிர் மஞ்சளித்தபோது தமிழன் வயல், முஸ்லிம் வயல் என்று பிரித்துப் பார்க்கவில்லை. லொறிக்காரனும் பார்ப்பதில்லை.

இந்த இடத்திலேதான் புகையிரத நிலையத்தைப் பற்றிய நமது கேள்வி பிறக்கிறது. கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். அகலப்பாதை. பாரம் இழுக்கவென்றே ஏற்பட்டது. எரிபொருளை ஏற்றிக்கொண்டு இன்றும் எண்ணெய் வண்டி கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறது. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது அத்தகைய வண்டியே. 2025 பெப்ரவரியிலும் ஹபரணைக்கு அண்மையில் இப்பாதையின் பயணி வண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன. இரவிலே வேகம் குறைத்து ஓட்டுவது கடினமா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு, ஏனெனில் யானை மாண்டால் வண்டியும் நிற்கிறது, வண்டி நின்றால் நமது நோயாளி கொழும்புக்குப் போகமுடியாது. அது நிற்க. எண்ணெய் கொண்டுவந்த இயந்திரம் வெறுந்தாங்கிகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் போகிறது. எண்ணெய்த் தாங்கியில் நெல் ஏற்றமுடியாது என்பது நமக்கும் தெரியும். அதே இயந்திரத்தின் பின்னே, பெரும்போக அறுவடை நடக்கும் மாதங்களில் மட்டும், நான்கு மூடுபெட்டிகளைக் கொளுவ முடியாதா? வாழைச்சேனை நிலையத்தில் ஏற்றிய நெல் பொலனறுவை ஆலைகளைத் தாண்டிப் போகுமானால், பொலனறுவைக்காரன் சொல்வது மட்டுமே விலையாக இராது. எல்லா நெல்லும் புகையிரதத்திற் போகவேண்டியதில்லை. ஒரு பங்கு போகக்கூடும் என்ற நிலை வந்தாலே லொறிக்காரனின் குரல் தணியும். பேரம் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டி வந்துவிட்டாற் போதாது என்பதையும் உணர்கிறோம். ஈரநெல்லைப் பெட்டியில் அடைத்தால் கொழும்பு போய்ச் சேரும்முன் புழுங்கிவிடும். ஆகவே நிலையத்துக்கு அண்மையில் ஓர் உலர்த்துதளமும் களஞ்சியமும் முதலில் வேண்டும். அதை ஒரு சபை கட்டினால் மற்றச் சபையின் கமக்காரன் வெளியாளாகிவிடுவான். இரண்டு சபையும் தனித்தனியே கட்டினால் இரண்டும் பாதியில் நிற்கும். அத்தகைய அரைக் கட்டடங்கள் நமது மாவட்டத்திற் போதிய அளவு உண்டு.

வைக்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வைக்கோல் வயலிற் கிடக்கிறது. மாட்டுக்குப் போனது போக மிஞ்சியதை இன்று தீமூட்டுகிறோம். அறுவடை முடிந்த மாலைகளில் வட்டைகளின்மேல் எழும் புகையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2022 மார்ச்சில், கடதாசி வாங்க டொலர் இல்லாமல், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. சில அச்சையே நிறுத்தின. கடதாசி ஆலையுள்ள நாட்டில், கடதாசிக்கு மூலப்பொருளை எரித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்தது! ஆலை 2014ஆம் ஆண்டளவில் ஓய்ந்து, 2021இல் கழிவுக் கடதாசியைக் கொண்டு சிறிய அளவில் மீண்டும் தொடங்கப்பட்டது. பழையபடி வைக்கோலையே வேகவையுங்கள் என்று நாம் கண்மூடித்தனமாகக் கேட்கமாட்டோம். வைக்கோலில் மணற்சத்து அதிகம். அதனைக் காரத்தில் அவித்தபின் எஞ்சும் கருநீரைச் சுத்திசெய்து மருந்தை மீட்பது மரக்கூழைப்போல் எளிதன்று. அந்த நீரைக் களப்பில் விட்டால் உழவனுக்கு வந்த காசு மீனவனின் வலையிலிருந்து பிடுங்கிய காசாகிவிடும். ஆனால் அவிக்காமலே வைக்கோலை அழுத்தி மட்டை செய்யலாம், காளான் வளர்க்கலாம், தீவனமாகக் கட்டி விற்கலாம். பெருந்தொகை இயந்திரம் வேண்டாத வழிகள் இவை. ஆலையின் காணியும் கட்டடமும் யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று அரசாங்கம் தீர்மானிக்கும்போது, கோறளைப்பற்று உழவரும் களப்பு மீனவரும் அந்த மேசையில் இருக்கவேண்டும். தமிழர் ஒரு மனுவும் முஸ்லிம்கள் ஒரு மனுவுமாகக் கொடுத்தால், இரண்டையும் ஒரே கோப்பிற் கட்டி அலுமாரியில் வைப்பதற்குக் கொழும்பில் ஆட்கள் உண்டு.

நடவாத காரியத்தைக் கேட்கிறீர்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தேர்தல் காலத்தில் எல்லையைக் காட்டி வாக்குக் கேட்பது எளிது, களஞ்சியத்தைக் காட்டி வாக்குக் கேட்பது கடினம் என்கிறார்கள். உண்மை. நாமும் மேடை ஏறியவர்களே. அந்த எளிமையின் ருசியை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் இந்த மண்ணின் மக்கள் அதனினும் கடினமானதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2020இல் பெருந்தொற்றில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தே தீருவோம் என்று அரசாங்கம் நின்றது. 2021 மார்ச்சில் அடக்கம் செய்ய இசைந்தபோது, நாடு முழுவதற்கும் இடம் கொடுத்தது ஓட்டமாவடியின் மஜ்மா நகர். விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த அந்தக் காணியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்லர், பிற மதத்தவரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த அந்நிய உடல்களுக்குக் குழி வெட்டியவர்கள் இவ்வூர் இளைஞர்கள். தமக்கு யாரென்றே தெரியாத மனிதர்களுக்கு நிலம் கொடுத்த ஊர், தன் அயலவனோடு ஓர் உலர்த்துதளத்தைப் பங்கிடாது என்று நாம் நம்பத் தயாரில்லை.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் வாகனேரிக் குளத்துத் தண்ணீரை எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்று ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. வாய்க்காற் கமக்காரர் எல்லோரும் அங்கே வந்தாகவேண்டும். வட்டவிதானைமாரும் போடியார்களும் அதிகாரிகளும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரு திகதிக்கு உடன்படுகிறார்கள். பிரிவுக்கு ஒரு திகதி வைக்க எவரும் துணிவதில்லை, ஏனெனில் தண்ணீர் பிரிவு பார்த்து ஓடாது. புதிதாக ஒரு சங்கம் தொடங்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் தண்ணீருக்குப் பிறகு இரண்டு விடயங்களைச் சேர்த்தாற் போதும்: களஞ்சியம் ஒன்று, புகையிரதப் பெட்டி ஒன்று. அங்கே எடுக்கப்படும் தீர்மானத்தை இரு பிரதேச சபைகளும் தத்தம் கூட்டத்தில் அதே வாசகத்தில் நிறைவேற்றி, புகையிரதத் திணைக்களத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் ஒரே உறையில் அனுப்பவேண்டும். வாசகம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். ஒரு சொல் வேறுபட்டாலும், "முதலில் நீங்கள் ஒன்றுபட்டு வாருங்கள்" என்று மறுமொழி வரும் என்பதை முப்பது ஆண்டு மனு எழுதிய சமூகம் அறியும்.

மனுவின் வரைவு எம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. கூலி கேட்கமாட்டோம். இரு தவிசாளர்களும் கையொப்பமிடக் கீழே இடம் விட்டிருக்கிறோம். யாருடைய பெயர் முதலில் வருவது என்று ஒரு நண்பர் இப்போதே கேட்டுவிட்டார். அகரவரிசைப்படி ஓட்டமாவடி முதலிலும் வாழைச்சேனை பின்னும் வரும் என்றோம். வாழைச்சேனைக்காரரான அவர் சற்று யோசித்துவிட்டு, சரி, எழுதுங்கள் என்றார்.